நீர்த்தேக்கம் வற்றினால் கடிகாரம் மாறும்: திறமூல மென்பொருளைப் பார்த்துக்கொள்பவர்கள்

1996இல் மழை பொய்த்தது. அன்றைக்கு இலங்கையின் மின்சாரத்தில் பெரும்பங்கு காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, விக்டோரியா என்று மலைகளுக்கிடையே தேங்கிய தண்ணீரிலிருந்துதான் வந்தது. தண்ணீர் இறங்க இறங்க மின்வெட்டு நீண்டது. சமாளிக்க அரசு ஒரு வழி கண்டது: மே 24ஆம் திகதி நள்ளிரவில் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியிருந்த நாடு ஆறரை மணி முந்தியது. சூரியன் எழவே கிட்டத்தட்ட ஏழு மணி ஆனது. தேயிலைத் தோட்டத்தில் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருட்டோடு கிளம்ப வேண்டியதாயிற்று. ஒக்டோபர் 26இல் அரை மணியைக் குறைத்தார்கள். மீதி அரை மணி 2006 ஏப்ரலில், புத்தாண்டு கழிந்த இரவில், குறைந்தது.

இந்த மூன்று மாற்றமும் உங்கள் கையிலிருக்கும் ஃபோனுக்குத் தெரியும். சந்தேகமிருந்தால் 1996 ஜூலையில் அட்டனில் பிறந்த ஒருவரின் ஜாதகத்தைக் கணித்துப் பாருங்கள். செயலி ஒழுங்கானதாக இருந்தால் ஆறரை மணிக் கணக்கை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஒரு மணி நேரம் பிசகும். சிலருக்கு லக்கினமே மாறிவிடும்.

ஃபோனுக்கு இதை யார் சொன்னது? அரசு இல்லை. கூகுளோ அப்பிளோ தாங்களாகத் தேடிக் கண்டுபிடித்ததும் இல்லை. உலகின் ஒவ்வொரு ஊரிலும் கடிகாரம் எப்போது, எவ்வளவு மாறியது என்ற கணக்கை 1980களிலிருந்து தன்னார்வலர்கள் சிலர் சாதாரண எழுத்துக் கோப்புகளில் எழுதி வருகிறார்கள். தொடங்கியவர் அமெரிக்காவில் ஓர் அரசு ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்தர் டேவிட் ஓல்சன். பிறகு பொறுப்பெடுத்தவர் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் எக்கர்ட். லினக்ஸ், அண்ட்ரொய்ட், ஐஃபோன், ஜாவா, வங்கிகளின் தரவுத்தளங்கள் எல்லாம் நேரக் கணக்குக்கு இதைத்தான் நம்பியிருக்கின்றன.

ஆசியாவுக்கான கோப்பைத் திறந்து கொழும்பு என்ற பதிவுக்குப் போனால், கணினி படிக்கும் வரிகள் கொஞ்சம்தான். அதற்கு மேலே மனிதர் படிக்கும் குறிப்புகள் வரிசையாக நிற்கின்றன. மின் நெருக்கடியால் நேரம் மாறுகிறது என்ற 1996ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று. அன்றைய ஊடக அமைச்சரின் ஒக்டோபர் அறிவிப்பு ஒன்று. 1996 மாற்றத்தைப் புலிகள் ஏற்கவே இல்லை, தங்கள் பகுதியில் பழைய ஐந்தரை மணி நேரத்தையே வைத்திருந்தார்கள் என்ற ரொய்ட்டர்ஸ் செய்தி ஒன்று. இலங்கை நேரத்துக்கு வழங்கும் ஆங்கிலச் சுருக்கெழுத்தை அரசு எப்போதாவது அறிவித்ததா, அல்லது கணினிக்காரர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்டதா என்று 2006இல் ஒருவர் எழுதிய விளக்கம் ஒன்று. யாரும் இதற்குக் கூலி கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவர் எழுதி அனுப்பினார், பார்த்துக்கொள்பவர் சரிபார்த்துச் சேர்த்தார், அவ்வளவுதான்.

2011இல் இந்தக் கோப்புக்கே ஆபத்து வந்தது. அஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க நிறுவனம், தன்னுடைய நேர அட்டவணை நூலிலிருந்து தகவல் எடுத்ததாக ஓல்சன் மீதும் எக்கர்ட் மீதும் வழக்குப் போட்டது. அது ஜோதிட மென்பொருள் விற்கும் நிறுவனம் என்பதுதான் வேடிக்கை. ஓல்சன் கோப்பை இணையத்திலிருந்து இறக்கிவிட்டார். சில நாட்களில் இணைய முகவரிகளை நிர்வகிக்கும் அயானா அமைப்பு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. அடுத்த ஆண்டு நிறுவனம் வழக்கை வாபஸ் வாங்கி மன்னிப்பும் கேட்டது. அந்த இடைவெளியில்தான் பலருக்குத் தெரிந்தது, உலகத்தின் கடிகாரம் இரண்டு பேரின் தோளில் நின்றிருக்கிறது என்று.

திறமூல மென்பொருள் என்றதும் நம்மூரில் முதலில் ஞாபகம் வருவது 'காசில்லாமல் கிடைப்பது' என்பதுதான். அது தப்பில்லை, ஆனால் பாதிதான். நிரலை, அதாவது மென்பொருளை ஆக்கும் மூல எழுத்தை, யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமத்தில் எழுதியிருக்கும். மாற்றம் செய்பவர் மூலத்தை ஒரு பிரதி எடுத்து, அதில் திருத்தி, 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பார். பராமரிப்பவர் ஒருவரோ சிலரோ அதைப் படித்துப் பார்ப்பார்கள். சரியென்றால் சேர்ப்பார்கள், இல்லையென்றால் கேள்வி கேட்பார்கள். பல நேரம் பதிலே வராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது திமிர் மாதிரித் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒற்றை ஆள், பகலில் வேறு வேலை, இரவில் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார். எழுத நூறு பேர் வருவார்கள். அடுத்தவர் எழுதியதை உட்கார்ந்து படிக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

இதைச் சிரமதானத்தோடு ஒப்பிடலாம். தோட்டத்துப் பாதை குண்டும் குழியுமாகிவிட்டது என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயமே, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள் முழுவதுமே, திரண்டு வந்து மண்ணை வெட்டிப் போடும். பெரிய பானையில் தேநீர், படம் எடுப்பது, கைதட்டல் எல்லாம் இருக்கும். அடுத்த மழைக்குப் பாதையோர வடிகான் அடைத்துக்கொள்ளும். அதைக் குத்திவிடப் போகிறவர் ஒருவர்தான், அவரை யாரும் படம் எடுப்பதில்லை.

இலங்கை உலகத்துக்குக் கொடுத்த பெயர்பெற்ற திறமூல மென்பொருள் ஒன்றின் கதையும் இப்படித்தான் ஓடியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சில நாட்களுக்குள் கொழும்பில் மென்பொருள்காரர்கள் கூடி, லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் துணையோடு, சஹானா என்ற நிவாரண முகாமைத்துவ மென்பொருளைக் கட்டினார்கள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது என்ற பட்டியல், எந்த முகாமுக்கு என்ன தேவை என்ற கணக்கு. பத்துக் கொட்டிலில் பத்துக் கொப்பி இருந்தால் ஒரே ஆள் மூன்று இடத்தில் பதிவாவார், இன்னொருவர் எங்குமே பதிவாகமாட்டார். அந்தக் குழப்பத்துக்குத்தான் இந்த மருந்து.

அவசரத்தில் கட்டியதை அப்படியே விட்டிருந்தால் அது 2005இலேயே முடிந்திருக்கும். சுவீடனின் உதவி நிறுவனமான சீடா பணம் கொடுக்க, நிரலைத் திருத்தி எழுதினார்கள். அதே வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும், 2010இல் ஹெய்ட்டிக்கும் அது போனது. 2006க்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குக் கொடுத்தது. 2009இல் அதைப் பார்த்துக்கொள்ளத் தனி அமைப்பே உருவானது. பிந்திய இந்த வேலைகள் எதுவும் முதல் வாரத்து உற்சாகத்தில் நடந்தவை அல்ல. பணம், பொறுப்பு, சலிப்பான கூட்டங்கள் எல்லாம் தேவைப்பட்டன.

சரி, சொந்த மலைநாட்டுக்கு இதெல்லாம் என்ன செய்தது? 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உள்ளே எத்தனை பேர் என்ற எளிய கேள்விக்கே பதில் இல்லை. எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. நூற்றுக்கணக்கில் சொல்லி, பிறகு வெகுவாகக் குறைத்தார்கள். மென்பொருள் இல்லாததால் வந்த குழப்பம் என்று நான் சொல்லமாட்டேன். எந்த லயத்தில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் அன்று பள்ளிக்கூடத்தில், யார் கொழும்பில் என்ற விவரம் முதலில் எங்காவது இருக்க வேண்டுமே. பெரும்பாலான தோட்ட வீடுகளுக்குத் தனி முகவரியே கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து அங்கிருந்து கைமாறித்தான் வரும். முகவரி இல்லாத வீட்டை எந்தப் பதிவேட்டில் எப்படி எழுதுவது?

இங்கேதான் வரைபடம் வருகிறது. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யாரும் திருத்தலாம் என்ற உலக வரைபடம். ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு தூர தேசத்துத் தன்னார்வலர்கள் செய்மதிப் படத்தைப் பார்த்து வீடு வீடாக, தெருத் தெருவாக வரைந்து கொடுத்ததில் அது மீட்புப் பணிக்கும் பழகிப்போனது. மலையகத்தை அப்படி மேலிருந்து வரைவது ஒருவகையில் சுலபம். லயத்தின் கூரை நீண்டு ஒல்லியாக, பச்சைக்கு நடுவே தகரக் கோடாகத் தெரியும். ஜெர்மனியில் உட்கார்ந்திருப்பவர் ஒரு மாலைக்குள் ஒரு தோட்டத்தையே வரைந்துவிடுவார். ஆனால் அந்தக் கோட்டுக்குள் பத்து வீடா இருபது வீடா, எந்த டிவிசன், ஆள் இருக்கிறார்களா அல்லது வெடிப்பு விழுந்ததால் காலி செய்துவிட்டார்களா, மழைக்காலத்தில் எந்தப் படிக்கட்டு உடைந்து போகும், ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) கொழுந்து ஏற்றும் லொறி எதுவரை வரும் என்பதெல்லாம் கூரையைப் பார்த்துத் தெரியாது. அங்கே இருப்பவர்தான் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகளைச் சரித்துப் பாதைகளை அறுத்துப் போட்டது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு பழைய வரைபடத்தில் இருக்கும் பாதை எது, நிஜத்தில் மிச்சமிருக்கும் பாதை எது என்று பார்த்துக் குறிப்பதே பெரிய வேலை.

இந்த வரைபடத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை, 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். நடக்க வரும் வெள்ளைக்காரர்கள் பலர் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும் வரைபடச் செயலியை ஃபோனில் வைத்திருப்பார்கள். அதில் தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதைகூட இருக்கும். பாதை போட்டது கொழுந்து பறிக்கப் போனவர்களின் கால். வரைபடத்தில் ஏற்றியது பெரும்பாலும் நடக்க வந்தவர்கள். அதனால் பல இடங்களில் காட்சிமுனை இருக்கும், அதற்குக் கீழேயுள்ள லயத்துக்குப் பெயர் இருக்காது.

அந்தச் செயலிகளின் வரலாறே ஒரு பாடம். மேப்ஸ்.மி என்ற செயலியை 2014இல் ஒரு ரஷ்ய நிறுவனம் வாங்கி, மறு ஆண்டு நிரலைத் திறந்துவிட்டது. 2020இல் அது வேறு கைக்கு விற்கப்பட்டுப் போக்கு மாறியதும், பழைய ஆட்கள் திறந்திருந்த நிரலை எடுத்துக்கொண்டு ஓர்கானிக் மேப்ஸ் என்று தனியே போனார்கள். 2025இல் அங்கேயும் நிர்வாகத்தைப் பற்றிச் சண்டை. முடிவுகள் மூடிய அறைக்குள் எடுக்கப்படுகின்றன என்று தன்னார்வலர்கள் ஒரு பகுதியினர் பிரிந்து கோமேப்ஸ் தொடங்கினார்கள். தமிழர் சங்கங்கள் உடைவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சங்கம் உடைந்தால் கட்டடமும் வங்கிக் கணக்கும் ஒரு பக்கம் போய்விடும். இங்கே பிரிந்து போகிறவரும் முழு நிரலோடு போகலாம், வரைபடத் தரவும் இரு பக்கத்துக்கும் பொது. அந்த உரிமை இருப்பதாலேயே பல இடங்களில் தலைமை கொஞ்சம் பணிந்து நடக்கிறது.

பிரிவதால் இழப்பும் உண்டு, குறிப்பாக ஆள் குறைந்த மொழிக்கு. ஃபயர்ஃபொக்ஸ் உலாவிக்கு ஒரு காலத்தில் இரண்டு தமிழ் இருந்தது, ஒன்று பொதுவானது, மற்றது இலங்கைத் தமிழ். ஒரே மெனுவை இரண்டு சிறு குழுக்கள் தனித்தனியே மொழிபெயர்த்தன. இலங்கைத் தமிழ்ப் பதிப்பு பிறகு நின்றுபோனது. நம் வழக்கு நம் திரையில் வர வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு, ஆனால் ஆறு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒருமுறை புதுப்பதிப்பு வரும் மென்பொருளுக்கு அந்த ஆசை மட்டும் போதாது. மறுபக்கம், இலங்கைத் தட்டச்சுப் பழக்கத்தை ஒட்டிய ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸில் ஒரு சின்னக் கோப்பாக இருக்கிறது. எழுத்து மாறாத வரை அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை. எது தொடர்ந்து ஆள் கேட்கும், எது ஒருமுறை செய்தால் நிற்கும் என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

ஒற்றை ஆளை நம்பியிருப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் போதும். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள் அது, பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உண்டு. பல வருடமாகப் பார்த்துக்கொண்டவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸே கொலின், தனியாக. அவர் களைத்துப்போயிருந்தார். இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்றும் மனநலம் ஒத்துழைக்கவில்லை என்றும் 2022இலேயே வெளிப்படையாக எழுதினார். அப்போது 'ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள்' என்று சில முகந்தெரியாத பெயர்கள் நெருக்கின. அதே நேரம் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, நல்ல திருத்தங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார். மெல்லப் பொறுப்பு அவர் கைக்கும் போனது. இரண்டு வருடத்துக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்த பிறகு அவர் கொல்லைக் கதவு ஒன்றைப் புகுத்தினார். உலகின் எண்ணற்ற சேவையகங்களுக்குள் களவாக நுழையும் வழி அது. பிடித்தது எந்தப் பாதுகாப்பு நிறுவனமும் இல்லை. கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று எரிச்சல்பட்ட அண்ட்ரேஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருளாளர்தான். அந்த முகந்தெரியாத பெயர்கள் நெருக்கிய விதம், சும்மா கிடைத்த மென்பொருளில் குறை வந்தால் நம்மில் பலர் பேசும் விதத்திலிருந்து அவ்வளவு தூரம் இல்லை.

மலையகத்தில் இதைப் பற்றிப் பேசினால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். பெரும்பாலும் அம்மாக்கள்தான் கேட்பார்கள்: "சம்பளம் இல்லாத வேலைக்கு ஏன் தம்பி ராத்திரி கண்ணு முழிக்கிற?" இதற்கு மழுப்பலான பதில் சொல்லக் கூடாது. 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கைக்கே பல வருடம் தெருவில் நின்று, 2021இல்தான் சம்பளச் சபை வழியாக அதைக் கண்ட சமூகம் இது. இலவச உழைப்பு என்றால் யாருக்கு லாபம் என்று இங்கே முதலில் கேட்பது நியாயம்தான்.

பதில் உரிமத்தில் இருக்கிறது, முழுப் பதிலும் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012இலிருந்து பயன்படுத்தும் உரிமப்படி, தரவை மேம்படுத்தி வெளியிடுகிறவர் அந்த மேம்பாட்டையும் அதே உரிமத்தில் பொதுவில் வைக்க வேண்டும். லினக்ஸ் கருவின் உரிமமும் அந்த வகைதான். ஆனால் எடுத்தவர் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை என்று சொல்லும் தளர்ந்த உரிமங்களும் நிறைய உண்டு. அவற்றின் மேல் பெரிய நிறுவனங்கள் கோடிகளைச் சம்பாதிக்கின்றன. எழுதியவருக்கு ஒரு நன்றிகூட வராமல் போகலாம். தம்பி எந்த வகைத் திட்டத்தில் நேரத்தைப் போடுகிறான் என்று பார்த்துப் போடட்டும். அவனுக்குக் கிடைப்பதும் இல்லாமலில்லை. அவன் எழுதியது, அதை மற்றவர் விமர்சித்தது, அவன் திருத்தியது எல்லாம் அவன் பெயரில் யாரும் பார்க்கும்படி நிற்கும். 2005இல் தொடங்கிய கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அதில் உதவித்தொகையும் உண்டு. சிபாரிசுக்கு ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அப்படிப்பட்ட பகிரங்கச் சான்று பெரிய விஷயம்.

தடைகளையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு ஃபோன், டேட்டா தீர்ந்தால் அடுத்த சம்பளம் வரை காத்திருப்பது, விவாதம் முழுக்க ஆங்கிலத்தில் நடப்பது, தொடர்ந்து மூன்று மணி நேரம் தனக்கென்று ஒதுக்க முடியாத பெண் பிள்ளைகள். இதில் ஆங்கிலத் தடையைத்தான் பலர் மிகைப்படுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று மூன்று உடைந்த வாக்கியத்தில் எழுதினாலும் புரிந்துகொள்வார்கள். நேரமின்மைக்கு அப்படிச் சுலபமான மருந்து இல்லை.

தொடங்க நினைப்பவருக்கு நான் சொல்வது வரைபடத்தைத்தான். மென்பொருள் திட்டங்களில் ஒருவர் அனுமதித்தால்தான் மாற்றம் உள்ளே போகும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்கள் சேமித்ததுமே போய்விடும், தப்பென்றால் பிறகு வந்து திருத்துவார்கள். அண்ட்ரொய்ட் ஃபோன் இருந்தால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி, நிற்கும் இடத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும்: இந்தப் பாதை தார் போட்டதா, இந்தக் கடை இன்னும் இருக்கிறதா என்று. பதில் சொன்னால் போதும். அப்புறம் கணினி கிடைக்கும்போது லயத்துக்கு இலக்கம், கோயில், பிள்ளைக் காம்பிரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), தண்ணீர்த் தாங்கி என்று சேர்க்கலாம். கூகுள் வரைபடத்தைப் பார்த்து மட்டும் எழுதிவிடாதீர்கள், அது உரிம மீறல். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்துக்கும் அனுமதி வேண்டும்.

சண்டை வரும், தயாராக இருங்கள். அட்டன் என்று ஒருவர் எழுதுவார், ஹட்டன் என்று இன்னொருவர் மாற்றுவார். முதன்மைப் பெயர் ஒன்று, மாற்றுப் பெயர் ஒன்று என்று இரண்டுக்கும் இடம் இருக்கிறது, ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் பேசிக்கொள்ளவும் வசதி உண்டு. ஆதாரம் என்ன என்று கேட்பார்கள். ஊர் என்றால் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக் காட்டலாம். லயத்துக்குப் பலகை இருக்காது. தோட்டத்துக் கேட்டில் இருப்பதோ கம்பனி வைத்த ஆங்கிலப் பெயர். அப்போது நடைமுறையில் செல்லுபடியாகும் விதி ஒன்றுதான்: அந்த இடத்தில் இருப்பவர்கள் அதை என்ன சொல்லி அழைக்கிறார்களோ அது.